மூடிய வகுப்பின் வருகைப்பதிவு

ஜூன் 9, திங்கள்

நான்கு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத பாடங்கள், அழிக்கப்போகிறோம் என்று சுற்றறிக்கை போட்ட அன்றைக்கே எல்லாருக்கும் உயிராகத் தேவைப்படுகின்றன. எங்கள் கல்லூரி ஆசிரியர்களைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கொரோனா காலத்தில் ஆன்லைனில் நடந்த வகுப்புகள் எல்லாம் எங்கள் பாடத்தளத்தில் காலாவதியாகிப் பூட்டிக் கிடக்கின்றன. சர்வரில் இடமில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி அத்தனையையும் நிரந்தரமாக அழித்துவிட வேண்டும் என்பது பிரின்சிபால் உத்தரவு. அதற்குள் யாருக்காவது பழைய பாடம் வேண்டுமென்றால் ஒரு வாரம் திறந்துவிடலாம். வாரம் முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பது, பூட்டுவது, அழிப்பது எல்லாம் இந்தப் பெர்னதத் ஒருத்தியின் தலையில்.

இன்று வந்த கோரிக்கைகளில் முதல் பரிசு வரலாற்றுத் துறை மேடத்துக்கு. "என் வீடியோ எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துக் குடுத்துருங்க பெர்னா, ஃபைல்ல வச்சுக்கிறேன்" என்றார். வீடியோவை எப்படி மேடம் பிரின்ட் எடுப்பது என்று கேட்டதற்கு, "அதான் நீங்க இருக்கீங்களே" என்கிறார். என்னத்தைச் சொல்ல.

ஜூன் 11, புதன்

நுண்ணுயிரியல் கோமதிநாயகம் சார் வந்தார். 2021 முதலாமாண்டு வகுப்பைத் திறந்துவிடச் சொன்னார். பழைய பாடத்தைப் பார்க்க மட்டும்தான் அனுமதி தருவது வழக்கம். அவருக்குத் திருத்தும் அனுமதியும் வேண்டுமாம்.

"அழியப்போற பாடத்துல என்ன சார் திருத்தம்?"

"வருகைப்பதிவுல கொஞ்சம் தப்பு இருக்கு மேடம். ஆய்வுக் குழு கேட்டா வம்பு."

எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். வகுப்பில் மாணவிகள் தூங்கினால்கூட குரலைத் தாழ்த்திக்கொள்வாராம். சரி, ஒரு வாரம்தானே என்று திறந்துவிட்டேன்.

பூட்டியிருந்த வகுப்பு திறக்கும்போது அதன் முகப்பில் கடைசியாகப் போட்ட அறிவிப்பு தெரியும். "அனைவரும் நலமுடன் இருங்கள். அடுத்த வகுப்பு வழக்கம்போல்." நாலு வருஷமாக அந்த அடுத்த வகுப்பு வரவேயில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏசியைக் குறைத்துவைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஒரு அம்மா ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டார். பெயர் முத்துப்பேச்சி. வெங்காயப்பேட்டையில் வெங்காயம் தரம் பிரிக்கிறாராம். பின்னால் சாக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், எம்மக வகுப்புக்கு வந்திருக்கான்னு மெசேஜ் வந்துச்சு."

"சரிம்மா. வந்திருந்தா வந்திருக்கான்னுதான் வரும்."

"எந்தக் கட்டடத்துல உக்காந்திருக்கா?"

"ஆன்லைன் வகுப்பா இருக்கும்மா. வீட்டுலருந்தே பாப்பாங்க."

"வீட்டுல இல்லையே மேடம். அப்ப எங்கருந்து பாக்குறா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கும், பேருந்தில்கூடப் பார்க்கும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டேன். ரம்யபாரதி. தேடினேன். இப்போது படிப்பவர்களில் அப்படி யாரும் இல்லை. பழைய பதிவில் இருந்தாள். 2021, முதலாமாண்டு, நுண்ணுயிரியல். நிலை என்ற இடத்தில், மே 2021-இல் காலமானார் என்று இருந்தது.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. மறுமுனையில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"மெதுவாப் பாருங்க மேடம். வந்திருக்கான்னு தெரிஞ்சாப் போதும்" என்று சந்தோஷமாகவே வைத்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கோமதிநாயகம் சார்தான்.

வருகைப்பதிவை யார் மாற்றினாலும் பாடத்தளம் உடனே பெற்றோருக்குச் செய்தி அனுப்பும். "தங்கள் மகள் இன்று வகுப்பில் கலந்துகொண்டார்" அல்லது "இன்று வகுப்புக்கு வரவில்லை." அந்த வாசகத்தை எழுதியது நான்தான். தேதி போட்டால் எழுத்து கூடுகிறது என்று "இன்று" என்று வைத்தேன். அன்றைக்கு எல்லாரும் பாராட்டினார்கள். சார் நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளைத் திருத்தினாலும் அந்த அம்மாவுக்கு "இன்று" என்றுதான் போகும்.

கேன்டீனில் பிடித்து, எதற்காக ரம்யபாரதியின் வருகையை மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மே மாசம் அவ ஆஸ்பத்திரியில இருந்திருக்கா மேடம். எனக்குத் தெரியாது. தினம் வரலை வரலைன்னு போட்டுட்டே இருந்தேன். வருகை குறைஞ்சா பரீட்சை எழுத முடியாதுன்னு வகுப்புலயே பேரைச் சொல்லி எச்சரிச்சேன். அவ போன அன்னைக்கும் வரலைன்னுதான் போட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பதாம் தேதி எல்லாம் அழியப்போகுது. அழியும்போது அவ வராதவளா அழியக்கூடாது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்துறேன். அதுக்குமேல கை வரலை."

அவர் மாற்றுவதெல்லாம் அந்த அம்மாவின் போனுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு வகுப்பு மணி அடித்துவிட்டது.

இந்தப் பாடத்துக்கு மட்டும் செய்தியை நிறுத்த வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்மிஷன் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. நாளை பார்க்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்னும் பார்க்கவில்லை.

முத்துப்பேச்சியம்மா இப்போது என் எண்ணுக்கே கூப்பிடுகிறார். "இன்னைக்கும் வந்துட்டா மேடம்" என்கிறார். வேறொன்றும் கேட்பதில்லை. நானும் "சரிம்மா" என்கிறேன். காலையில் என் போனில் வரும் ஒரே அழைப்பு அதுதான், அதனால்தான் எடுக்கிறேன்.

அழிப்பதற்கு முன்னால் வீடியோக்களில் ஒலி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் கடமை. அப்படித்தான் அந்த வகுப்பைப் போட்டேன். கோமதிநாயகம் சார் பாவம், தலைக்குப் பின்னால் துணி காயும் கொடி தெரியப் பாடம் நடத்துகிறார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்கிறார். ஓரத்தில் வரிசையாக, கேக்குது சார், கேக்குது சார் என்று விழுகிறது. அவற்றில் ஒரு வரி ரம்யபாரதியுடையது.

பிறகு அவள் குரலும் வந்தது. "சார், ஒரு டவுட்டு." பின்னால் குக்கர் விசில். கேள்வியைப் பாதி கேட்டாள், இருமினாள். "சாரி சார்" என்றாள். மறுபடியும் இருமல். அவளே மைக்கை அணைத்துவிட்டாள். கேள்வி என்ன என்று யாருக்கும் தெரியாது. சாரும் கேட்கவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஒலி சரியாகத்தான் இருக்கிறது. உறுதி செய்துகொள்ள நாலைந்து தரம் கேட்டேன்.

ஜூன் 18, புதன்

கோமதிநாயகம் சாரின் ஒரு வாரம் முடிந்தது. வகுப்பு அவருக்குப் பூட்டிக்கொண்டது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு மதுரை போய்விட்டார். போகும் முன் அறை வாசலில் நின்று, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கு மேடம். பரவாயில்ல, விடுங்க" என்றார். அனுமதியை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதிப்படி மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். விதி என்றால் விதி.

சிலிண்டர் வந்தது. ஓடிபி என் வீட்டுக்காரர் அமலனின் போனுக்குத்தான் வரும். "அண்ணன் போனப்புறமும் அவர் பேர்லயே இருக்கு, மாத்திருங்க அக்கா, எத்தனை வருஷமாச் சொல்றேன்" என்று காஸ்காரர் இன்றும் ஆரம்பித்தார். உங்களுக்கு எண் வந்துவிட்டதா இல்லையா, பிறகென்ன என்று சத்தம் போட்டு அனுப்பினேன். அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்வது என் காசு.

ஜூன் 19, வியாழன்

காலையில் சீக்கிரமே ஆபீஸ் போனேன். சின்ன வேலை ஒன்று இருந்தது.

அந்த அம்மா கூப்பிட்டார். வந்துவிட்டாளாம்.

ஜூன் 20, வெள்ளி

சீக்கிரம் போனேன். அழைப்பு வந்தது. வகுப்பு என்றைக்கு முடியும் என்று கேட்டார், முப்பதாம் தேதி என்றேன்.

ஜூன் 23, திங்கள்

இன்று அழைப்புக்குப் பதில் ஆள் வந்தது. ஜெயபாண்டி, ரம்யபாரதியின் அண்ணன். மினி பஸ் ஓட்டுகிறான். காக்கிச் சட்டையோடு வந்து என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"மெசேஜ் அனுப்புறது யாரு மேடம்?"

"அது தானாப் போகுதுப்பா. கம்ப்யூட்டர்."

"அந்தக் கம்ப்யூட்டரை நிப்பாட்டுங்க. எங்கம்மா பேட்டைக்குப் போயி ஒரு வாரம் ஆச்சு. காலைல எந்திரிச்சு இட்லி அவிச்சு, தங்கச்சி மேஜைல தட்டு வச்சு, பக்கத்துல போனை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. நாங்க வாயத் தெறந்தா, சத்தம் போடாதீங்கடா, அவளுக்கு வகுப்பு நடக்குதுங்குது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரியில தங்கச்சியப் பொட்டலமாத்தான் குடுத்தாங்க. மொகத்தைக் காட்டலை, கிட்டக்கூட விடலை. அழுது தீத்து, நாலு வருஷத்துல அம்மா இப்பத்தான் ஒழுங்காச் சாப்புட்டுச்சு, நல்லது கெட்டதுக்குப் போச்சு. இப்ப அந்தப் பொட்டலத்துல இருந்தது வேற யாரோங்குது. முப்பதாம் தேதி வகுப்பு முடியுதாமே, அன்னைக்குக் காலேஜுக்கு வந்து அவளைக் கூட்டிட்டு வரணும்னு புதுச்சீலை எடுத்து வச்சிருக்கு. கூட்டிட்டு வர ஆளு இல்லைன்னா எங்கம்மா என்னா ஆகும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

நினைத்துப் பார்க்கவில்லை. சிஸ்டத்தில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவன் போனபிறகும் கைரேகை மேஜைக் கண்ணாடியில் இருந்தது. துடைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

வழக்கமான நேரத்துக்கே போனேன். காலையில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

பத்து மணிக்கு அழைப்பு. "இன்னைக்கு வரலையா மேடம்?" நான் பதில் சொல்வதற்குள், "ஒடம்பு சரியில்லையோ? ரெண்டு வாரமா ஒருநாள் விடாம வந்தாளே" என்றார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் ஒரு அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு நிற்கிறாராம், பொண்ணு பெயர் சொல்கிறாராம், அப்படி யாருமில்லை என்றாலும் நகரமாட்டேன் என்கிறாராம். போனேன். அதற்குமுன் அவரை நான் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பு, விரல் நுனியெல்லாம் வெங்காயச் சருகின் நிறம். கேட் வழியே போய்வரும் பெண்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் போய், பிறகு நின்றுவிட்டார்.

"காச்சல்னா ரசஞ்சோறுதான் கேப்பா" என்று கேரியரை என் கையில் கொடுத்தார். "எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்ல மேடம். குடுத்துருங்க."

ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். கேரியரை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. திறந்தபோது ரசம் இன்னும் சூடாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

கோமதிநாயகம் சார் முகாம் முடிந்து வந்தார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி போனது, மேஜையில் வைத்த தட்டு, பொட்டலம், கேரியர்.

"அந்த அம்மாவுக்கா போச்சு? ஐயோ, தினமுமா?" நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகுதான் யோசித்தார். "மேடம், எனக்குத்தான் பதினெட்டாம் தேதியே பூட்டிருச்சே. அதுக்கப்புறமும் எப்படிப் போச்சு?"

சிஸ்டம் பழசு என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் வேகத்தைக் கூட்டினேன்.

நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. முப்பதாம் தேதி புதுச்சேலையோடு கேட்டில் வந்து நின்றபின் சொல்வதைவிட அது மேல்.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சாரும் நானும் நாகல்நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஜெயபாண்டி பஸ் எடுத்துப் போயிருந்தான்.

ஒரே அறை. ஜன்னலோரம் அவள் மேஜை. தட்டு, தண்ணீர், காதில் மாட்டும் ஹெட்போன். ஹெட்போனின் ஒயர் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சியம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். சாரைப் பார்த்து, "நீங்கதான் கேக்குதா கேக்குதாம்பீங்க" என்று சிரித்தார். "அடுப்படில நிக்கிறப்ப எனக்கும் கேக்கும். கேக்குதுன்னு நானுஞ் சொல்லுவேன்."

சார் ஆரம்பித்தார். தான்தான் பழைய நாட்களை மாற்றியதாக, அதனால்தான் செய்தி வந்ததாகச் சொன்னார். நடுவில் அந்த அம்மாவின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவர் அதைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்தார்.

"அப்ப எம்மக வரலை."

"வரலம்மா."

"ஒருநாளுங்கூட?"

சார் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். "ஒருநாளும் வரலம்மா. அவ இல்லம்மா."

அழவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "சார் ஒரு வாரந்தான் மாத்துனேங்கிறாரு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. அந்த அம்மா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு எழுந்துவந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் கையை ஒருதரம் அழுத்தினார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

"எல்லா நாளையும் மாத்தியாச்சா?"

"ஒண்ணு பாக்கி" என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான், எனக்கு அது எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களோ என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை.

"எந்த நாளு?"

"அவ போன நாளு."

"அதை மாத்தாதீங்க" என்றார் முத்துப்பேச்சியம்மா. "அன்னைக்கு எம்மக வரலைதான். வர முடியலை அவளால. அது ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்."

ஜூன் 30, திங்கள்

இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

காலையில் அழிப்பதற்காக வகுப்பைத் திறந்தேன். ரம்யபாரதியின் வரிசை முழுக்கப் பச்சை. கடைசி நாளும் பச்சை. அவள் போன நாளுக்கு எதிரே "வந்தார்" என்று இருக்கிறது. மாற்றிய நேரம் நேற்று முற்பகல். மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. அந்த இடம் வெற்றாக இருக்க முடியாது, பெயரில்லாமல் தளம் எதையும் ஏற்காது. நான் இந்தத் தளத்தை ஆறு வருஷமாக நடத்துகிறேன்.

நேற்று முற்பகல் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி பூட்டிக்கிடந்தது. சாருக்கு அனுமதி இல்லை. என் போன் கைப்பையில் இருந்தது. இதை நான் செய்யவில்லை. மற்றவற்றைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் சரி, இதை நான் செய்யவில்லை.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்தபடியே நின்றார். "நீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அப்படியே அழித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அந்த நாளை "வரவில்லை" என்று மாற்றினேன். விரலை எடுக்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் இருமல் கேட்டது. ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. மன்னித்துக்கொள் தாயே என்று வாய்விட்டே சொன்னேன், சார் பக்கத்தில் இருந்தும்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மேடம், நேத்து நீங்க எதுத்தாப்புல ஒக்காந்திருந்தப்ப ஒண்ணு வந்துச்சு. அதை நான் தெறக்கலை. தெறக்கவும் மாட்டேன்." மூச்சு வாங்கினார். "இப்ப வந்ததைப் பாத்துட்டேன். எம்மக வரலைன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

மறுமுனையில் அவர் அழத் தொடங்கினார். முதலில் சத்தமே இல்லை, பிறகு பெருஞ்சத்தம். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். வைக்கச் சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம், குழாயில் முகம் கழுவும் சத்தம்.

"பேட்டைக்குக் கெளம்புறேன் மேடம்" என்றார். "லோடு வந்திருக்கும்."

அவர் வைத்தபின் வகுப்பை அழித்தேன்.